கேமிங் மானிட்டர் வாங்குமுன்: கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து தொடங்கி ஒரு வழிகாட்டி

கேம் ஆட எந்த மானிட்டர் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் மானிட்டரைப் பற்றிப் பேசுவதில்லை. கம்ப்யூட்டருக்குள் என்ன கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது, தினமும் ஆடுவது என்ன கேம் என்று இரண்டையும் கேட்டுக்கொள்வேன். கார்டு அனுப்பும் படத்தைத்தான் மானிட்டர் காட்ட முடியும். நொடிக்கு 70 படம் அனுப்பும் கார்டோடு நொடிக்கு 360 படம் காட்டவல்ல 360 ஹெர்ட்ஸ் மானிட்டரைச் சேர்த்தால் கொடுத்த காசில் பெரும்பகுதி சும்மா கிடக்கும். நல்ல கார்டை வாங்கிவிட்டுப் பழைய 60 ஹெர்ட்ஸ் ஆபீஸ் மானிட்டரில் ஆடினாலும் அதே அளவு நஷ்டம். கடையில் விளம்பரத் தாளைப் பார்ப்பதற்கு முன்பே இந்தப் பொருத்தத்தை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

முதல் வேலை: உங்கள் கம்ப்யூட்டரை அளந்து பாருங்கள்

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் ஜிபியு என்பதைத் தொட்டால் கார்டின் பெயர் தெரியும். அப்புறம் நீங்கள் அதிகம் ஆடும் கேமைத் திறந்து, அதன் செட்டிங்ஸில் படங்களை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் வி-சிங்கை அணைத்து, எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) வரம்பு ஏதாவது இருந்தால் அதையும் நீக்கி, கொஞ்ச நேரம் ஆடுங்கள். விண்டோஸ் பொத்தானோடு ஜி எழுத்தை அழுத்தினால் வரும் கேம் பாரிலேயே எஃப்பிஎஸ் தெரியும். கேம் விற்கும் ஸ்டீம் செயலியிலும் அதற்கு வசதி உண்டு. அமைதியான இடத்தில் வரும் எண்ணைவிட, சண்டை மும்முரமாக நடக்கும்போது எவ்வளவுக்கு இறங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எத்தனை ஹெர்ட்ஸ் தேவை என்பதை அந்த எண்தான் சொல்லும்.

அடுத்தது பிக்சல் கணக்கு. 1080பி என்று சொல்லப்படும் 1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. 1440பி, அதாவது 2560×1440 திரையில் சுமார் 36.9 லட்சம். 4கே என்றால் 82.9 லட்சம், 1080பியைப் போல நான்கு மடங்கு. ஒவ்வொரு படத்துக்கும் கார்டு இத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கணக்கிட வேண்டும். அதனால் 1080பியில் 100 எஃப்பிஎஸ் தரும் கார்டு 1440பியில் ஏறக்குறைய 65-லிருந்து 70 தரும், 4கேயில் தடுமாறும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 போன்ற கார்டு வைத்திருப்பவர்களுக்கு 1080பிதான் சரியான இடம். ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600 அளவில் இருப்பவர்கள் நடுவில் நிற்கிறார்கள். 1080பியில் வசதியாக ஆடலாம்; டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலிங் (குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்குவது) உதவியோடு 1440பியும் சாத்தியம். ஆர்டிஎக்ஸ் 4070, ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி அளவுக்குப் போனால் 1440பியை யோசிக்காமல் எடுக்கலாம். பெரிய கேம்களை 4கேயில் நிறைவாக ஆட அதற்கும் மேலே போக வேண்டும்.

இதில் ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். 1440பி மானிட்டர் வாங்கி, கார்டு தாங்கவில்லை என்று கேமை 1080பிக்கு இறக்கினால் படம் மங்கலாகத் தெரியும். ஒரு பிக்சலைச் சுமார் 1.33 பிக்சலில் பரப்பிக் காட்ட வேண்டியிருப்பதால் ஓரங்கள் கூர்மை இழக்கின்றன. அந்த நிலைமை வந்தால் ரெசல்யூஷனை 1440பியிலேயே விட்டுவிட்டு, கேமுக்குள் இருக்கும் அப்ஸ்கேலிங்கைப் போட்டுக்கொள்வது எவ்வளவோ மேல்.

நீங்கள் ஆடும் கேம் எந்த வகை

வாலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற துப்பாக்கிச் சண்டைக் கேம்களில் எதிரி மூலையிலிருந்து எட்டிப் பார்க்கும் கணம்தான் எல்லாம். படத்தின் அழகு இரண்டாம் பட்சம். குறிப்பாக வாலரன்ட் மிகவும் இலகுவான கேம். சாதாரண கார்டுகூட நூற்றுக்கு மேல் எஃப்பிஎஸ் தரும். இந்த வகை ஆடுகிறவர்களுக்கு அதிக ஹெர்ட்ஸ், 24 அல்லது 24.5 அங்குலத் திரை, வேகமான பேனல் (படம் காட்டும் திரைப் பலகை) போதும்.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, சைபர்பங்க் 2077 மாதிரி பரந்த உலகத்துக்குள் நடந்து திரியும் கேம்களில் நிறமும், இருட்டின் ஆழமும், திரையின் அளவும்தான் அனுபவத்தைத் தீர்மானிக்கின்றன. எல்டன் ரிங் கம்ப்யூட்டரில் 60 எஃப்பிஎஸ்ஸுக்கு மேல் போகாதபடி அமைக்கப்பட்டிருக்கிறது. அதை மட்டுமே ஆடுகிறவர் 240 ஹெர்ட்ஸுக்குப் பணம் கொடுப்பதில் பொருளே இல்லை. இரண்டு வகையும் கலந்து ஆடுபவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு எது பொருந்தும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஹெர்ட்ஸ்: எங்கே நிறுத்துவது

ஹெர்ட்ஸ் என்றால் மானிட்டர் நொடிக்கு எத்தனை முறை புதுப் படம் காட்டுகிறது என்ற கணக்கு. ஆனால் அந்த எண்ணை நேராகப் பார்க்காமல், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே எத்தனை மில்லிசெகண்ட் என்று மாற்றிப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸில் 16.7, 144-இல் 6.9, 240-இல் 4.2, 360-இல் 2.8. அதாவது 60-லிருந்து 144-க்குத் தாவும்போது ஒவ்வொரு படத்துக்கும் ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட் மிச்சமாகிறது. 144-லிருந்து 240-க்குப் போனால் 3-க்கும் குறைவுதான். 240-லிருந்து 360-க்கு 1.4. விலையோ ஒவ்வொரு படிக்கும் ஏறிக்கொண்டே போகிறது. 60-லிருந்து 144-க்கு மாறியவர்கள் மவுசை அசைத்த முதல் நிமிடமே வித்தியாசத்தை உணர்வார்கள். அதற்கு மேலே போகப் போக, வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பழகிய கண் வேண்டும்.

மிருதுவாகத் தெரிவது மட்டும் இதன் பலன் இல்லை. எல்சிடி திரை ஒரு படத்தை அடுத்தது வரும்வரை அப்படியே பிடித்து வைத்திருக்கும். நம் கண்ணோ ஓடும் எதிரியைத் தொடர்ந்து நகர்ந்துகொண்டிருக்கும். படம் நிற்க, கண் நகர, விழித்திரையில் அந்த உருவம் இழுபட்டுப் படிகிறது. நொடிக்கு 1000 பிக்சல் வேகத்தில் போகும் ஒரு பொருள் 60 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 17 பிக்சல் அகலத்துக்குக் கலங்கித் தெரியும். 144-இல் அது 7 பிக்சலாகச் சுருங்கும். பேனல் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் 60 ஹெர்ட்ஸில் இந்தக் கலங்கல் இருந்தே தீரும். ஓடிக்கொண்டே எதிரியின் தலையைக் குறிவைக்கிறவருக்கு இந்தப் பத்துப் பிக்சல் பெரிய விஷயம்.

என் கணிப்பில் 144-லிருந்து 180 வரை எல்லோருக்கும் போதும். இப்போது 165, 180 ஹெர்ட்ஸ் மானிட்டர்கள் முன்பு 144 விற்ற விலைக்கே கிடைக்கின்றன. 240-க்கும் மேலும் போக விரும்புகிறவர், முதலில் குறித்து வைத்த எஃப்பிஎஸ் எண்ணை எடுத்துப் பாருங்கள். சண்டை நடுவிலும் 200-க்கு மேல் நிற்கிறது, ரேங்க் ஏற வேண்டும் என்ற தீவிரமும் இருக்கிறது என்றால் தாராளமாகப் போகலாம்.

இதோடு சேர்ந்தது விஆர்ஆர் எனப்படும் வசதி. கார்டு படம் அனுப்பும் வேகமும் மானிட்டர் படம் மாற்றும் வேகமும் ஒத்துப்போகாதபோது, பாதிப் பழைய படமும் பாதிப் புதிய படமும் ஒரே நேரத்தில் திரையில் வந்து, நடுவே வெட்டினாற்போல் ஒரு கோடு தெரியும். டியரிங் என்பது இதுதான். வி-சிங் போட்டால் கோடு மறையும், ஆனால் மவுஸ் அசைவுக்கும் திரைக்கும் இடையே தாமதம் கூடும். விஆர்ஆர் இருந்தால் கார்டு எப்போது படம் தருகிறதோ அப்போது மானிட்டர் காட்டும். என்விடியா 2013-இல் ஜி-சிங் என்ற பெயரில் இதை அறிவித்தபோது மானிட்டருக்குள் தனிச் சிப் வைக்க வேண்டியிருந்தது, விலையும் எகிறியது. ஏஎம்டியின் ஃப்ரீசிங் 2015-இல் தனிச் சிப் இல்லாமல் வந்தது. 2019 ஜனவரியில் என்விடியாவும் இறங்கிவந்து, தன் கார்டுகள் சாதாரண ஃப்ரீசிங் வகை மானிட்டர்களோடும் வேலை செய்ய வழி திறந்தது. அதனால் ஜி-சிங் ஸ்டிக்கருக்காக மட்டும் கூடுதல் பணம் தர இன்று அவசியமில்லை. விஆர்ஆர் எந்த ஹெர்ட்ஸிலிருந்து எது வரை வேலை செய்யும் என்று மட்டும் பாருங்கள். 48-லிருந்து 144 வரை என்பது போல ஒரு வரம்பு கொடுத்திருப்பார்கள். மேல் எண் கீழ் எண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால், எஃப்பிஎஸ் கீழே விழும்போதும் ஒரே படத்தை இருமுறை காட்டிச் சமாளித்துவிடும்.

அளவையும் ரெசல்யூஷனையும் சேர்த்தே பாருங்கள்

பலர் தவறும் இடம் இது. பெரிய திரை மலிவாகக் கிடைக்கிறதே என்று 27 அங்குல 1080பி மானிட்டரை வாங்கிவிடுகிறார்கள். ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் அடங்குகிறது என்பதுதான் கூர்மை. 24 அங்குல 1080பியில் அது சுமார் 92. அதே 1080பியை 27 அங்குலத்துக்கு இழுத்தால் 82-க்கு இறங்கும். எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும், அருகே உட்கார்ந்தால் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும். 27 அங்குல 1440பியில் 109. ஒருமுறை அதைப் பார்த்துப் பழகிவிட்டால் திரும்பிப் போக மனம் வராது. 32 அங்குல 1440பி என்பது கூர்மையில் 24 அங்குல 1080பிக்குச் சமம், திரை மட்டும் பெரியது. 32 அங்குலத்தில் 4கே 138 தரும். பார்க்க மிக அழகு, கார்டும் அதற்கேற்ப வேண்டும்.

அதே மானிட்டரில் படிப்பும் ஆபீஸ் வேலையும் நடக்குமானால் இந்த எண் இன்னும் முக்கியம். தமிழ் எழுத்துகளில் வளைவும் சுழியும் அதிகம் என்பதால், சிறிய எழுத்தில் நீண்ட நேரம் தமிழ் படிக்கிறவர்கள் பிக்சல் குறைவை ஆங்கிலம் படிக்கிறவர்களைவிடச் சீக்கிரம் உணர்வார்கள்.

மேசையையும் டேப் எடுத்து அளந்துவிடுங்கள். 24 அங்குல மானிட்டர் சுமார் 54 செ.மீ. அகலம், 27 அங்குலம் 61, 32 அங்குலம் 71. 24 அங்குலத் திரைக்கும் கண்ணுக்கும் இடையே ஒரு கை நீளம் போதும். 32 அங்குலத்துக்கு அதைவிடத் தள்ளி உட்கார வேண்டும். நம் வீடுகளில் ஒன்றரை அடி ஆழ மேசைதான் பல இடங்களில் இருக்கிறது. அதில் கேமிங் மானிட்டரின் விரிந்த கால் பாதி இடத்தை எடுத்துக்கொண்டால் கீபோர்டைக் குறுக்கே வைத்துத்தான் ஆட வேண்டியிருக்கும். பின்பக்கம் வெசா துளை (மாட்டுவதற்கான திருகு துளைகள்) 75×75 அல்லது 100×100 மில்லிமீட்டர் இருந்தால், கால்களைக் கழற்றிவிட்டு மேசை ஓரத்தில் கிளாம்ப் போட்டு மாட்டும் மானிட்டர் ஆர்மில் பொருத்தலாம். ஸ்டாண்டிலேயே உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருப்பது அதைவிட எளிது. மலிவு மாடல்களில் இந்த வசதியைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். கழுத்து வலியோடு ஆடுவதைவிட கொஞ்சம் பணம் கூடப் போட்டு உயரம் மாறும் ஸ்டாண்டோடு எடுப்பது நல்லது.

வழக்கத்தைவிட அகலமான 34 அங்குல அல்ட்ராவைட் திரைகளும் இருக்கின்றன. கார் ஓட்டும் கேம்களுக்கு அருமை. ஆனால் 3440×1440 என்றால் கிட்டத்தட்ட 50 லட்சம் பிக்சல், கார்டின் சுமை கூடும். எல்டன் ரிங் மாதிரி சில கேம்கள் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வைத்துவிடும். வாலரன்ட்டிலும் பக்கவாட்டில் கூடுதல் காட்சி கிடைக்காது. முதல் மானிட்டராக இதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பேனல்: ஐபிஎஸ்ஸா, விஏயா, ஓஎல்இடியா

பேனல் வகைகளில் டிஎன் வேகமானது, ஆனால் நிறம் வெளிறியது; பக்கவாட்டிலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் படமே மாறிவிடும். கவுன்டர்-ஸ்ட்ரைக் போட்டி மேடைகளில் நெடுங்காலம் வரிசையாக நின்ற பென்கியூ ஜோவி மானிட்டர்கள் பலவும் டிஎன்தான். அந்த மேடைகளில் ஆடுகிறவர்களுக்கு வேகம் தவிர வேறெதுவும் தேவையில்லை. வீட்டில் படமும் பார்க்கப் போகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம்.

ஐபிஎஸ்தான் இன்று பெரும்பாலோருக்கு ஏற்றது. நிறம் சரியாக இருக்கும், பக்கவாட்டில் பார்த்தாலும் பெரிதாக மாறாது, புது ஐபிஎஸ் பேனல்கள் வேகத்திலும் டிஎன்னைப் பிடித்துவிட்டன. குறை என்னவென்றால் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம். பெரும்பாலும் 1000-க்கு 1 என்ற அளவில்தான் இருக்கும். விளக்கை அணைத்துவிட்டுப் பேய் கேம் ஆடினால் கறுப்பு கறுப்பாக இருக்காது, சாம்பல் பூத்தாற்போல் தெரியும். மூலைகளில் ஒரு வெளிச்சமும் கசியும்.

விஏ பேனலில் கான்ட்ராஸ்ட் 3000-க்கு 1, அதற்கு மேலும் உண்டு. இருட்டுக் காட்சிகள் ஐபிஎஸ்ஸைவிட நன்றாக இருக்கும். ஆனால் மலிவு விஏ பேனல்களில் பிக்சல்கள் கறுப்பிலிருந்து அடர் சாம்பலுக்கு மாறத் தாமதிக்கின்றன. இருட்டான சந்துக்குள் திரும்பும்போது நிழல்கள் எல்லாம் கரி பூசினாற்போல் பின்னால் இழுபடும். கடையில் பளிச்சென்ற விளம்பரப் படம் ஓடும்போது இது தெரியவே தெரியாது. வேகமான விஏக்களும் உண்டு. 2020-இல் வந்த சாம்சங் ஒடிஸி ஜி7 அதற்கு நல்ல உதாரணம். ஆனால் குறைந்த விலையில் வளைந்த திரையோடு, பெட்டியில் பெரிய எழுத்தில் ஹெர்ட்ஸ் போட்டு விற்கப்படும் மானிட்டர்களில் பலவும் மெதுவான விஏக்களே. துப்பாக்கிச் சண்டைக் கேம் ஆடுகிறவர் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. கதை சார்ந்த கேம்களை மெதுவாக ரசித்து ஆடுபவருக்கு அதே மானிட்டர் கொடுத்த காசுக்கு நிறைவாக இருக்கும்.

ஓஎல்இடி வேறு உலகம். ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வதால் கறுப்பு உண்மையிலேயே கறுப்பு. பிக்சல் மாறும் வேகம் எல்சிடி எதுவும் நெருங்க முடியாத அளவு. பணம் இருந்தால் வாங்கலாமா? மூன்று விஷயங்களை யோசித்துவிட்டு வாங்குங்கள். ஒன்று, ஒரே இடத்தில் நிற்கும் படம், உதாரணமாக விண்டோஸின் டாஸ்க் பாரும் கேமின் உயிர் அளவுப் பட்டையும், நாளடைவில் திரையில் தடமாகப் பதியக்கூடும். பகல் முழுவதும் அதே திரையில் எக்ஸெல் திறந்து வைத்திருப்பவருக்கு இந்த ஆபத்து அதிகம். டெல் 2022-இல் கொண்டுவந்த ஏலியன்வேர் ஏடபிள்யூ3423டிடபிள்யூ மாடலுக்கு இந்தப் பதிவையும் சேர்த்து 3 வருட வாரண்டி தந்தது. நீங்கள் பார்க்கும் மாடலுக்கு, நீங்கள் இருக்கும் நாட்டில், அப்படி எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இரண்டு, பிக்சலுக்குள் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் வழக்கமான வரிசையில் இல்லாததால் எழுத்தின் ஓரங்களில் லேசான வண்ணக் கோடு தெரியலாம். மூன்று, அறையின் வெளிச்சம். ஜன்னலுக்கு எதிரே வைத்தால், குறிப்பாகக் குவான்டம் டாட் கலந்த ஓஎல்இடிகளில், அந்த ஆழமான கறுப்பு வெளிறிவிடும். கொடுத்த காசே அந்தக் கறுப்புக்குத்தான்.

விளம்பரத் தாளில் நம்பக் கூடாதவை

1 எம்எஸ் (மில்லிசெகண்ட்). கிட்டத்தட்ட எல்லாக் கேமிங் மானிட்டர் பெட்டியிலும் இந்த எண் இருக்கும். பக்கத்தில் ஜிடிஜி என்று இருந்தால், பிக்சல் ஒரு சாம்பல் நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம். அதுவும் பெரும்பாலும் மிகச் சாதகமான ஒரே ஒரு மாற்றத்தை, பிக்சல் மாற்றத்தை முடுக்கும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்து அளந்தது. எம்பிஆர்டி என்று இருந்தால் அது வேறு கணக்கு; பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டுக் கலங்கலைக் குறைக்கும் முறையில் கிடைப்பது. அதைப் போட்டால் திரையின் வெளிச்சம் குறையும், பல மாடல்களில் விஆர்ஆர் வேலை செய்யாது. இந்த எண்ணை வைத்து இரண்டு மானிட்டர்களை ஒப்பிடவே முடியாது.

எச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே கூடுதல் வித்தியாசம் காட்டும் படம். எச்டிஆர்10 என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த வகை சிக்னலை மானிட்டர் வாங்கிக்கொள்ளும் என்று அர்த்தம், அதைச் சரியாகக் காட்டும் என்பதற்கு உறுதி இல்லை. வெசா அமைப்பு 2017 டிசம்பரில் டிஸ்பிளேஎச்டிஆர் என்ற தரக் குறியீட்டைக் கொண்டுவந்தது. அதன் அடிநிலையான 400, உச்ச வெளிச்சமாகக் கேட்பது 400 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) மட்டும். இருட்டான பகுதியில் மட்டும் விளக்கைக் குறைக்கும் வசதி கட்டாயமில்லை. அது இல்லாத எச்டிஆர் சாதாரணப் படத்தைவிட வெளிறித் தெரிவதுண்டு. உண்மையான எச்டிஆர் வேண்டுமானால் ஓஎல்இடிக்கோ, நூற்றுக்கணக்கான தனி மண்டலங்கள் கொண்ட மினி எல்இடிக்கோதான் போக வேண்டும். மற்றபடி அந்த வார்த்தைக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

கோடிக்கு 1 என்று போடும் டைனமிக் கான்ட்ராஸ்ட் எண்ணைக் கண்டுகொள்ளவே வேண்டாம்.

இவற்றுக்குப் பதிலாக, கருவி வைத்து அளந்து எழுதுகிறவர்களைப் பாருங்கள். ஆர்டிங்ஸ், டிஎஃப்டி சென்ட்ரல் ஆகிய தளங்களும், யூடியூபில் மானிட்டர்ஸ் அன்பாக்ஸ்டும் அப்படிப்பட்டவை. நீங்கள் வாங்கப்போகும் மாடலின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கடைசி எழுத்து ஒன்று மாறினாலும் உள்ளே பேனல் வேறாக இருக்கலாம்.

கேபிளும் துளையும்

மானிட்டரை இணைக்கும் துளைகளில் (டிஸ்பிளேபோர்ட், எச்டிஎம்ஐ) கம்ப்யூட்டருக்கு டிஸ்பிளேபோர்ட்தான் முதல் தேர்வு. டிஸ்பிளேபோர்ட் 1.4 இருந்தால் 1440பியில் 240 ஹெர்ட்ஸ் வரை போகலாம். எச்டிஎம்ஐ 2.0-இல் 1080பிக்கு 240, 1440பிக்கு 144, 4கேவுக்கு 60 என்பது வரம்பு. சில மானிட்டர்கள் தங்கள் முழு வேகத்தை டிஸ்பிளேபோர்ட்டில் மட்டும்தான் தரும். விவரக் குறிப்பில் துளைவாரியாக ஹெர்ட்ஸ் போட்டிருப்பார்கள், பாருங்கள். லேப்டாப்பில் ஆடுகிறவர்கள் தங்கள் எச்டிஎம்ஐ துளை எந்தப் பதிப்பு என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் டிஸ்பிளேபோர்ட் கிடையாது, எச்டிஎம்ஐ மட்டும்தான். பிளேஸ்டேஷன் 5 முதலில் 1440பியை ஏற்கவில்லை. 2022 செப்டம்பர் அப்டேட்டில்தான் அது வந்தது. இப்போது 1440பி மானிட்டரோடு தாராளமாக இணைக்கலாம். ஆனால் அதில் விஆர்ஆர் வேலை செய்ய மானிட்டரில் எச்டிஎம்ஐ 2.1 வகை விஆர்ஆர் இருக்க வேண்டும், ஃப்ரீசிங் மட்டும் இருந்தால் போதாது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டும் ஃப்ரீசிங்கையும் ஏற்கும். 4கே 120 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் எச்டிஎம்ஐ 2.1 என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். முழு வேகம் இல்லாத துளைக்கும் அந்தப் பெயரை வைக்க விதி இடம் தருகிறது. 4கே 120 ஹெர்ட்ஸ் என்று எச்டிஎம்ஐக்கு நேராகவே எழுதியிருக்க வேண்டும்.

சரி, எதைத்தான் வாங்குவது

2025 வாக்கில் இந்தியச் சந்தையில், 24 அங்குல 1080பி ஐபிஎஸ் 165 முதல் 180 ஹெர்ட்ஸ் மானிட்டர்கள் பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைத்தன. கார்டு சிறியது, வாலரன்ட்தான் உயிர் என்பவருக்கு இதுவே போதும். 27 அங்குல 1440பி ஐபிஎஸ் அதே ஹெர்ட்ஸில் இருபதாயிரத்தை ஒட்டி இருந்தது. எல்லா வகைக் கேமும் ஆடி, படமும் பார்த்து, வேலையும் செய்கிறவருக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். கார்டு இன்று கொஞ்சம் சிறியதாக இருந்தாலும், இரண்டு மூன்று வருடத்தில் மாற்றும் எண்ணம் இருந்தால் மானிட்டரை இப்போதே 1440பியாக எடுத்துவிடலாம். கார்டு மாறும், மானிட்டர் ஆறேழு வருடம் மேசையில் நிற்கும். ஓஎல்இடி அப்போது இதைப் போல இரண்டு மூன்று மடங்கு விலையில் இருந்தது.

நேரில் வாங்குகிறவர்களுக்குச் சென்னையில் ரிச்சி தெரு, கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா என்று பழகிய இடங்கள் இருக்கின்றன. கடையில் கேட்க வேண்டியவை: பெட்டியைப் பிரித்து அங்கேயே போட்டுக் காட்டுவார்களா, எத்தனை டெட் பிக்சல் (வேலை செய்யாத புள்ளி) இருந்தால் மாற்றித் தருவார்கள், வாரண்டி எத்தனை வருடம், பழுதானால் ஆள் வீட்டுக்கு வருவாரா அல்லது நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா. ஒரே ஒரு பிக்சல் போனதற்குப் பல நிறுவனங்கள் மாற்றித் தருவதில்லை என்பதால் அந்தக் கேள்வி முக்கியம். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைத் திறக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். மின்சாரம் ஏறி இறங்கும் ஊரில் இருந்தால் ஸ்பைக் பஸ்டர் வழியாக இணையுங்கள். யுபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது, மானிட்டர் அதில் பெரிய சுமை ஆகாது.

வீட்டுக்கு வந்த அன்று

கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டின் துளையில் செருகுங்கள். மதர்போர்டு பக்கத்தில் செங்குத்தாக இருக்கும் துளைகளில் செருகினால் கார்டு இருந்தும் பலனில்லாமல் போகும். கார்டின் துளைகள் கீழே, பெரும்பாலும் கிடையாக இருக்கும்.

அடுத்து விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். பல நேரம் 60-லேயே நிற்கும். நீங்களாக மாற்றாவிட்டால் 180 ஹெர்ட்ஸ் மானிட்டர் மாதக்கணக்கில் 60-லேயே ஓடும். அதிக ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் வித்தியாசமே தெரியவில்லை என்று சொல்கிறவர்களிடம் முதலில் பார்க்கச் சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

மானிட்டரின் மெனுவில் ஃப்ரீசிங் அல்லது அடாப்டிவ் சிங்கை இயக்குங்கள். பிறகு என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஜி-சிங்கையோ, ஏஎம்டி மென்பொருளில் ஃப்ரீசிங்கையோ இயக்குங்கள். கேமில் எஃப்பிஎஸ் வரம்பை மானிட்டரின் ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே, 144 என்றால் 140 என்பது போல வையுங்கள். வரம்பைத் தாண்டினால் விஆர்ஆர் விலகிக்கொள்ளும்.

ஓவர்டிரைவ் என்ற செட்டிங்கை நடு நிலையில் விடுங்கள். உச்சத்தில் வைத்தால் நகரும் பொருளின் பின்னால் வெளிச்சமான நிழல் ஒன்று ஓடும். டெஸ்ட்யூஎஃப்ஓ தளத்தில் ஓடும் பறக்கும் தட்டைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு நிலையாக மாற்றினால் எது சுத்தம் என்று உங்களுக்கே தெரியும். வெளிச்சம் கடையில் பார்ப்பதற்காக ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒத்த வெளிச்சத்தில் தெரியும்வரை குறையுங்கள். கண் எரிச்சல் பாதி அதிலேயே போய்விடும்.

கடைசியாக, திரை முழுவதையும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி மாற்றிப் போட்டு டெட் பிக்சல் தேடுங்கள். கறுப்புத் திரையை இருட்டறையில் பார்த்து, ஓரங்களில் வெளிச்சம் எவ்வளவு கசிகிறது என்றும் கவனியுங்கள். தலையை நகர்த்தினால் அந்த வெளிச்சமும் நகர்ந்தால் அது ஐபிஎஸ்ஸின் இயல்பு, எந்த மானிட்டர் மாற்றினாலும் கொஞ்சம் இருக்கும். நகராமல் ஒரே இடத்தில் பளிச்சென்று நின்றால் அது பேனலைப் பொருத்தியதில் உள்ள குறை, தாராளமாக மாற்றிக் கேட்கலாம். இந்தச் சோதனைகளையெல்லாம் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள். அதுவரை அட்டைப் பெட்டியையும் உள்ளே வந்த தெர்மாகோலையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அவை இல்லாமல் பல கடைகள் திருப்பி வாங்குவதில்லை.